ரொறன்ரோக் கலண்டரும் கொட்டாஞ்சேனைத் திதியும்

2025 பெப்ரவரி 10, திங்கட்கிழமை, அதிகாலை 5.40. கட்டுநாயக்க விமான நிலையம். 24 பாகை, காற்றில்லை, மெல்லிய தூறல். ரொறன்ரோவிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டோஹாவில் மாறி ஏறியதையும் சேர்த்து 22 மணித்தியாலம்.

போன வருடம் அண்ணர் இறந்தபோது இந்த 22 மணித்தியாலத்தால்தான் பிந்தினேன். பிள்ளையில்லாதவர், கொள்ளி வைத்தது அண்ணியின் தமையன் மகன். முதலாண்டுத் திவசத்தையாவது நானே செய்யவேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டு வந்தேன். நாளை காலை பத்து மணிக்குத் திரும்பும் விமானம். புதன்கிழமை ரொறன்ரோவில் என் இடது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. ஒன்பது மாதம் காத்திருந்து கிடைத்த திகதி.

7.50க்குக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் நுழைந்தேன். சமையல் வாசனையே இல்லை.

"ஐயர் எத்தனை மணிக்கு வாறார், அண்ணி?"

"நாளைக்கு மத்தியானம். ஏன் தம்பி?"

"திவசம் இண்டைக்கெல்லோ? கலண்டரில பாத்தனான்."

"எந்தக் கலண்டர்?"

"எங்கட ரொறன்ரோக் கோயில் கலண்டர்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவர் செத்தது கொட்டாஞ்சேனையில, தம்பி. அங்க பாருங்கோ, உங்கட ஊரில இன்னும் திங்களே பிறக்கேல்லை. திதி துவங்கேக்க அங்க திங்கள் காலமை, இஞ்ச திங்கள் பொழுதுபட்டிடும்; எங்களுக்கு மத்தியானத் திதி செவ்வாய்தான்."

சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று ரொறன்ரோ நேரத்துக்கு அண்ணர் எனக்காகக் கொழுவியது. அதில் ஞாயிறு இரவு 9.20. கோடையில் கனடாவில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள்; இதையும் மாற்றச் சொன்னால் அண்ணர் மாட்டார். வருடத்தில் எட்டு மாதம் பிழை நேரத்தில்தான் அழைப்பார்.

மத்தியானம் ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனேன். காலி வீதியில் ஒரு டிக்கற் முகவர் இருக்கிறார். அவரிடம் போகுமுன் ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளம் கடந்து, கடற்கரைக் கல்லில் இருந்தேன். நானும் அண்ணரும் வாடகைக்கு இருந்த அறை இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி. வலது கண்ணை மூடிப் பார்த்தால் கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியவில்லை.

கனடா போவதற்கு முதல்நாள் பின்னேரம் இங்கேதான் அண்ணர் கேட்டார்.

"எவ்வளவு தூரமடா?"

"பதினாலாயிரம் கிலோமீற்றர்."

"அதை ஆர் கேட்டது? எத்தனை மணித்தியாலத்தில வருவாய், அதைச் சொல்லு."

"ஒரு நாளில வந்திடுவன்."

எழுந்து முகவரிடம் போனேன்.

"புதன் காலமை ஒரு சீட் இருக்கு அங்கிள். ஆனா தண்டம் கட்டவேணும். நாளைக்கே போனா சல்லி மிச்சம்."

"நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

செவ்வாய், வெயில். காலை பத்து மணிக்கு என் விமானம் நானில்லாமல் புறப்பட்டது. மத்தியானம் முகத்துவாரத்தில், ஆறு கடலில் விழும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணருக்குப் பிண்டம் கரைத்தேன். கரையிலிருந்து அண்ணி, "ஆழத்துக்குப் போகாதேங்கோ தம்பி, பிறகு உங்களுக்கும் நான்தான் நாள் பாக்கவேணும்" என்று கத்தினார்.

கண்ணுக்குப் புதிய திகதி யூலையில். டிக்கற் மாற்றியதற்கு 418 கனடிய டொலர், அன்றைய விலையில் 86,526 ரூபாய். வெள்ளவத்தைக்குப் போய்வந்த ஓட்டோ 2,300. ஆக, அந்த ஒரு நாளுக்கு 88,826 ரூபாய்.