ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் படகில் போனோம்

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, இத்தாலியின் பலெர்மோ நகரத்துப் பழைய படகுத்துறையிலிருந்து புறப்பட்டோம். நாலு பேர்: நான், ஒஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா, அத்தான், நகரத்தின் கால்சாப் பகுதியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரனான மன்னார் யேசுதாசன். போகுமிடம் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற சின்ன மீனவர் ஊர். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. கடலால் போனால், கல்லோ முனையைச் சுற்றிக்கொண்டு, பத்துக் கடல் மைல். பஸ் இருக்க ஏன் இந்தப் பாடு என்று நீங்கள் கேட்கலாம். அத்தான் வந்த நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணம் அக்கா. அவர் சண்டைக் காலத்தில் கிளாலிக் களப்பை இருட்டில் படகால் கடந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். எந்திரச் சத்தம் கேட்டால், நேவியாக இருக்கும் என்று படகோட்டி "படுங்கோ" என்பான். அத்தனை சனமும் படகின் அடியில், ஒருவர்மேல் ஒருவராக, மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். அப்படிக் கரை சேர்ந்தவர் பிறகு எந்தப் படகிலும் கால் வைக்கவில்லை. ஒஸ்லோவில் மகளின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தீவுக்குச் சுற்றுலா போனபோது, எல்லாத் தாய்மாரும் படகில் ஏற, அக்கா மட்டும் துறையில் நின்று கை காட்டியிருக்கிறார். அந்த அவமானம் அவரை விடவில்லை. நான் பாய்ப்படகு ஓட்டப் பழகிவிட்டேன் என்று கேள்விப்பட்டதும் டிக்கெட் போட்டுவிட்டார்.

"ஒருக்கா எண்டாலும் கடலிலை நிமிர்ந்து இருந்து போகவேணும், தம்பி. அதுக்குத்தான் வந்தனான். உன்ரை சமையலைச் சாப்பிட இல்லை" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டார்.

படகு, லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டு டாக்டருடையது. முழங்கால் வலி வந்தபின் அவர் கடலுக்குப் போவதில்லை. சும்மா கிடந்தால் பழுதாகிவிடும் என்று சாவியை என்னிடம் தந்திருந்தார். பல கோடைகள் அவரோடு போய், அவரிடம் வண்டி வண்டியாய்த் திட்டு வாங்கித்தான் எனக்கு இந்த வித்தை வந்தது.

அணைக்கரையைத் தாண்டியதும் கிழக்குக் காற்று பிடித்தது. இடது பக்கம் பெல்லெக்ரினோ மலை வெயிலில் சிவந்துகொண்டு வந்தது. அக்கா இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடி, ஆனால் நிமிர்ந்து இருந்தார். முணுமுணுப்பை நிறுத்தட்டும் என்று அத்தானிடம் சுக்கானைக் கொடுத்தேன். அவருக்கு உடனே கப்டன் தோரணை வந்துவிட்டது. நானும் யேசுவும் முன்பக்கம் போய்ப் பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

மொந்தெல்லோக் குடாவுக்கு நேரே வந்தபோது பின்னால் ஒரு எந்திரச் சத்தம். வேகமான, கனத்த சத்தம்.

நானும் அதே களப்பைக் கடந்து வந்தவன்தான்; எதையும் யோசிக்கவில்லை. அடுத்த கணம் என் கன்னம் தட்டுப் பலகையில் ஒட்டியிருந்தது. பாய்மரத்தடியில் யேசு குப்புறக் கிடந்தான். அவன் மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகில் தப்பிப் போனவன். அக்கா இருக்கைக்குக் கீழே சுருண்டு கிடந்தார்.

"என்னப்பா, ஏன் எல்லாரும் படுத்திட்டியள்?" என்று அத்தான் கத்தினார். அவர் எண்பத்துநாலிலேயே கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, இரண்டு சூட்கேசோடு நோர்வேயில் இறங்கிய மனிதர். அவருக்கு எப்படித் தெரியும்?

வந்தது கரையோரக் காவல் படகு. வழக்கமான சோதனைதான். ஆனால் அவர்கள் கண்டது, சுக்கானைப் பிடித்தபடி திருதிருவென்று முழிக்கும் ஒரு மனிதரையும், ஒளிந்து கிடக்கும் மூன்று பேரையும். களவாக ஆள் ஏற்றிப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்டார் அதிகாரி. ஒருவருமில்லை என்றேன். நம்பாமல் ஒருவர் இறங்கிப்போய், புட்டுச் சட்டியின் மூடியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். என்னுடையதும் யேசுவுடையதுமான பெர்மெஸோ என்ற வதிவிட அனுமதி, அக்கா அத்தானுடைய நோர்வே பாஸ்போர்ட், படகுப் பத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. "அப்படியென்றால் ஏன் படுத்தீர்கள்?"

வெயில், இளைப்பாறினோம் என்று நான் சொல்லத் தொடங்க, அக்கா தடுத்தார். "என்ன கேக்கிறார்?"

சொன்னேன்.

"உண்மையைச் சொல்லு. நாங்கள் ஒரு களவும் செய்யேல்லை."

களப்பையும் இருட்டையும் எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அதிகாரி அக்காவையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்போர்ட்டை என்னிடம் தராமல் அக்காவின் கையிலேயே கொடுத்து, "முனையில் காற்று கூடும், பாயைக் குறையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் போன உயிர் வந்தது. அக்காவுக்கோ கோபம், தன்மேலேயே. "பட்டப்பகலிலை படுத்திட்டன்! ஆரும் படு எண்டு சொல்லக்கூட இல்லை" என்று கண்ணைத் துடைத்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பதினொரு மணிபோல ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கினோம். கரையோரக் கடையில் மட்டி போட்ட ஸ்பகெட்டி ஒரு கோப்பை பத்தாயிரம் லீரா. அத்தான் இரண்டு கோப்பை சாப்பிட்டார். அக்கா முள்ளுக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

"போகேக்கை பஸ்ஸிலை போவமே? தம்பியவை படகைக் கொண்டு வரட்டும்" என்றார் அத்தான்.

"நீங்கள் போங்கோ. நான் வந்த வழியாலைதான் போவன்."

"திரும்பவும் அவங்கள் வந்தால்?"

"வரட்டும்."

அத்தானும் பஸ்ஸில் போகவில்லை. மூன்று மணிக்குப் பாயை விரித்தோம். முனையில் அதிகாரி சொன்னது போலவே காற்று அடித்தது. படகு சரிந்து, உப்புத் தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறித்தது. அக்கா அசையவில்லை. மொந்தெல்லோவுக்கு வெளியே, எதிர்ப்பக்கமிருந்து அதே கனத்த சத்தம் வந்தது. யேசு பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அக்காவுக்கு முன்னால் கயிற்றோடு நின்ற நான் படுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் கொலரை எட்டிப் பிடித்தது. அந்தக் கை பிடியை விடவில்லை.

"படுக்காதை," என்றார் அக்கா. "ஆர் வாறாங்கள் எண்டு பாப்பம்."

களப்பில் அந்தச் சத்தம் யாருடையது என்று நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. இங்கே கண்டோம். காவல் படகில் இரண்டு பேர். ஒருவர் வழியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் ஒரு பீச் பழம் தின்றுகொண்டிருந்தார். படகு தூரத்தில் மறையும்வரை, இருந்த இருப்பிலேயே, அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.