எதிரே உட்கார்ந்து பழகிய கை

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்து வீட்டு லோகநாயகி கொடுத்திருந்த பட்டு ரவிக்கைத் துண்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தேன். இடக்கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. தூக்கத்தில் மரத்திருக்கும் என்று எண்ணி டீ கேட்டேன்.

டீயோடு வந்த மகள் சுமதி என் முகத்தைப் பார்த்தாள்.

“நைனா, வாய் ஏன் ஒரு பக்கமா இழுத்துகினு போவுது? டீயெல்லாம் வேணாம், ஜல்தி கிளம்பு.”

கண்ணமங்கலம் வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). இதைப் படிப்பவர்கள் மரத்த கையை உதறிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

“எழுதற கை நல்லாருக்கு, கவலைப்படாதீங்க” என்றார் மருத்துவர்.

“கத்தரி பிடிக்கிற கை போயிடுச்சுங்களே.”

எங்கள் வீட்டு வழக்கத்தை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. பட்டு வழுக்கும். அதனால் வெட்டுபவருக்கு எதிரே ஒருவர் துணியை இழுத்துப் பிடிப்பார். பிடித்தபடி பார்த்தே தொழில் பழகுவோம். கண்ணாடியில் தெரிவதுபோலக் கை மாறிவிடும். அப்பா வலக்கையால் வெட்டினார். எதிரே பிடித்த எனக்கு இடக்கை. என் எதிரே பிடித்த சுமதிக்கு வலக்கை. சாப்பாடும் எழுத்தும் எல்லோருக்கும் வலக்கைதான்.

ஐப்பசியில் நடை திரும்பியது. இடக்கையில் தொட்டால் உணர்ச்சி இல்லை. லோகநாயகி பார்க்க வந்தாள். தையில் அவள் மகளுக்குக் கல்யாணம். அவள் கொடுத்திருந்த ரவிக்கைத் துண்டு, கல்யாணப் புடவையோடு சேர்த்து அவர்கள் தறியிலேயே நெய்தது. கெட்டுப்போனால் அதே கரையில் வேறு கிடையாது.

“சுமதி வெட்டட்டும்” என்றேன்.

“அவ தைக்கட்டும். வெட்டறது நீதான் அண்ணே. என் கல்யாண ஜாக்கெட்டையே இன்னும் போட்டுகினு இருக்கேன்.”

“உள்ள நுழையுதா?”

“பேஜார் பண்ணாத. ரெண்டு தையல் பிரிச்சிட்டேன்.”

வலக்கையால் பழகத் தொடங்கினேன். வழக்கப்படி சுமதி எதிரே உட்கார்ந்து வெட்டிக் காட்டினாள். நான் வெட்டிய கழுத்து வளைவெல்லாம் தப்புப் பக்கம் திரும்பியது. பழைய துணிகள் வீணாயின. ஆனால் அவள் கத்தரி அசையும்போது மடியில் கிடந்த என் இடக்கை விரல்கள் லேசாக அசைந்தன. இயன்முறைச் சிகிச்சையாளரிடம் (பயிற்சியால் தசைகளை இயங்க வைப்பவர்) சொன்னோம். “எதிரே உக்கார்றதை விடாதீங்க, இடக்கைக்காக தினம் செய்ங்க” என்றார்.

“அப்ப உனக்குத் தொழில் கத்துக் குடுக்க நான் எங்க உக்கார்றது?” என்ற சுமதி, நாற்காலியைத் தூக்கி வந்து என் இடப்பக்கம் போட்டாள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் உட்கார்ந்ததில்லை. துணி இருவருக்கும் ஒரே பக்கமாகத் தெரிந்தது.

“முழங்கை இடிக்குது நைனா, தள்ளு.”

“இடிச்சுக்கோ. அந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது.”

மார்கழி முடிவில் லோகநாயகியே எதிரே நின்று பட்டைப் பிடித்தாள். ஆடியில் போட்ட கோடு மங்கியிருந்தது; அதன்மேலேயே மறுபடி வரைந்தேன். சுமதி இடப்பக்கம் உட்கார, வலக்கையால் வெட்டத் தொடங்கினேன். கழுத்து வளைவின் பாதியில் அவள் முழங்கை என் இடக்கையில் பட்டது.

“இடிக்காத” என்றேன்.

சொன்ன பிறகுதான் மூவருக்கும் புரிந்தது. சுமதி மறுபடி மெதுவாக இடித்துப் பார்த்தாள். “தெரியுது. லோகநாயகி பட்டை விட்டுடப் போறா, சும்மா இரு” என்று சொல்லி வளைவை முடித்தேன்.

ரவிக்கை கல்யாணத்துக்குப் போய்விட்டது. இடக்கை இன்னும் கத்தரியைத் தூக்கவில்லை. முன்பெல்லாம் துணி கொடுக்க வேண்டிய தேதியை வைத்துத்தான் நாள் எண்ணுவேன். இப்போது காலையில் இடக்கைக்காகச் சுமதி எதிரே உட்காருகிறாள், மாலையில் வலக்கைக்காகப் பக்கத்தில். வலக்கைக்கு இது பழகும் வயது. இடக்கைக்கு அதைவிடச் சின்ன வயது. இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருவன் காத்திருக்கிறேன்.