குடோன் வண்டும் அம்மா போட்ட சோறும்

சுடுசோற்றில் வண்டு விழுந்தால் சத்தம் கேட்காது; வாயில் வைத்தபின் பல்லில் நறுக்கென்று கடிபடும்போதுதான் தெரியும். அன்று மாலை அந்த அதிகாரியை அம்மா உபசரிக்கத்தான் கூப்பிட்டாளா, அல்லது அந்த நறுக்கு அவர் பல்லிலும் படட்டும் என்றே உட்கார வைத்தாளா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

மாயவரத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டியது எங்கள் தெரு. பண்ணை வேலை செய்தவர்கள் கொடி பிடித்து, அடிபட்டு, குடியிருந்த மனைக்குப் பட்டா வாங்கிய தெரு. பட்டா வந்த இரண்டாம் வருஷம், தெருவுக்குப் பின்னால் மாடு மேய்ந்த திடலில் அரசாங்க நெல் கிடங்கு எழுந்தது. நாங்கள் "குடோன்" என்போம். ஆண்கள் மூட்டை தூக்கவும், பெண்கள் சாக்குத் தைக்கவும் போனார்கள். அதுவரை பண்ணையார் வாசலில் ஒதுங்கி நின்று கூலி வாங்கிய அம்மா, கோணி ஊசியும் சணலுமாக, தன் பெயர் எழுதிய அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவாள். "நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடுற எடம்" என்று சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும்.

அந்தக் குடோன்தான் வண்டையும் கொண்டுவந்தது. விளக்குப் போட்டதும் எள்ளளவு செவ்வண்டுகள் கூட்டமாக வந்து பாயிலும், பானைத் தண்ணீரிலும், தூங்கும் பிள்ளைகளின் காதிலும் புகும். என் தங்கைக்குக் காதில் புகுந்து சீழ் வைத்துவிட்டது. அதிலிருந்து வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். அடுத்த வீட்டு ராசாத்தி அத்தை, "சர்க்காரு போடுற கறி, ஒதுக்காம தின்னுங்கடி" என்று கேலி செய்வாள். ஆனால் முறையிட மட்டும் யாருக்கும் துணிவில்லை. புகார் போனால் குடோனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், மறுபடி பண்ணை வாசல்தான் என்று தெருவே பயந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பாவும் அம்மாவிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து மேலதிகாரி ஒருவர் குடோனைப் பார்வையிட வந்தார். பார்த்து முடித்து அவர் புறப்படும்போது பொழுது சாய்ந்திருந்தது. குடோன் வாசலில் நின்ற அம்மா, "எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சார்" என்றாள். எங்கள் தெருவில் கை நனைக்க மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். அவர் வந்தார். அம்மா இலை போட்டு, சோறு வைத்து, புளிக்குழம்பு ஊற்றினாள். பிறகு, நாங்கள் அந்த நேரத்தில் தொடவே தொடாத சுவிட்சைத் தட்டினாள்.

சற்றைக்கெல்லாம் இலையில் வண்டு உதிர்ந்தது. ஒன்றிரண்டை அவர் ஒதுக்கினார். ஒன்று கடிபட்டிருக்க வேண்டும், கை நின்றுவிட்டது. தினமும் இப்படித்தானா என்று கேட்டார். வாயைத் திறக்காதே என்று அப்பா அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

"குடோன் இருக்கட்டும் சார், அது எங்க சோறு" என்றாள் அம்மா. "வண்டைத்தான் எடுக்கச் சொல்றோம்."

அவர் இலையை மூடவில்லை. பொறுக்கிப் பொறுக்கி, வைத்த சோறு முழுவதையும் சாப்பிட்டுவிட்டே எழுந்தார். அடுத்த வாரமே மூட்டை அடுக்குகளைத் தார்ப்பாய் போட்டு மூடி மருந்து வைத்தார்கள். ஒருவருக்கும் வேலை போகவில்லை. "இனி கறிக்கு எங்கடி போறது" என்று ராசாத்தி அத்தைதான் அலுத்துக்கொண்டாள். சாக்குத் தைத்தே அம்மா என்னைக் கல்லூரி வரை அனுப்பினாள். அவள் மகள் என்று சொல்லிக்கொள்ளும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

இப்போது அந்தக் குடோன் இல்லை. நான் வாழ்க்கைப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தனியார் கிடங்கு ஒன்று வந்திருக்கிறது. சாக்கை மெஷின் தைக்கிறது. உரிமையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதுகூட எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்கு அங்கேதான் வேலை. போன வாரம் எட்டு மாதக் குழந்தையின் தொட்டிலை உதறினேன், வண்டுகள் விழுந்தன. மனு எழுதிவிட்டேன். கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்தோ, கொடுக்காவிட்டால் நான் என்ன தாய் என்று மாற்றி மாற்றி நினைத்து மூன்று முறை கிழித்து எழுதியாயிற்று. அம்மாவிடம் கேட்டால், "நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா" என்கிறாள்.

கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருந்து, அதிலேயே பிழைத்துப் பிள்ளை வளர்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். மனுவை என் பெயரில் கொடுக்கலாமா, தெருவாரையும் கையெழுத்துப் போடச் சொல்லலாமா? யாரிடம் கொடுப்பது? தயவுசெய்து எழுதுங்கள்.