அக்காவின் பூண்டு முத்துகள்

அந்தப் பூண்டு எண்ணெய்க் குப்பி இன்னும் என் ஜன்னலில் இருக்கிறது. வெயில் பட்டால் உள்ளே ஒட்டிக் கிடக்கும் இரண்டு கேப்ஸ்யூல் முத்துகளும் தேன் நிறத்தில் விழித்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் ஷார்ஜாவில் ஒரு கடையில் நான் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். இதயத்துக்கு நல்லது என்று குப்பியில் எழுதியிருந்தது. அடுக்கியவனே அதை முதலில் நம்பினான். பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்திய என் அக்காவுக்கு ரத்த அழுத்தம். விடுப்பில் கிளம்பிய காஞ்சிரங்குளத்துக்காரரிடம் நான்கு குப்பிகள் கொடுத்தனுப்பினேன். அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அடுத்த மழைக்கு நானே விடுப்பில் வந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே, மஞ்சுப் பனி இறங்கிய ஏற்றத்தில் அக்கா முன்னால் நடந்தாள். பாதியில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் டாக்டர் எழுதிய மாத்திரையைத் தேடினேன், இல்லை. நிறுத்தி நான்கு மாதமாம்.

“நீ அனுப்பினது உண்டும்லா மக்கா, பின்ன இங்கத்த மாத்திர எதுக்கு? இது கல்ஃப் சாதனமாக்கும்!”

எங்கள் ஊரில் கல்ஃப் சோப்புக்கும் சேலைக்கும் இருந்த மரியாதை மருந்துக்கும் கிடைத்துவிட்டது. ஆசையாக அனுப்பி அக்காவைக் கொல்லப் பார்த்தேனே என்று, மறுநாளே குப்பியோடு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

நெய்யாற்றின்கரை டாக்டர் அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார். குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். பூண்டு அழுத்தத்தையும் கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கலாம், ஆய்வுகளே அதில் ஒத்துப்போகவில்லை என்றார். மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாதாம். “வேணும்னா இதும் தின்னுங்க டீச்சரே. ஆனா மாத்திரய விட்டா நாளைக்கு கை கால் வராது, பாத்துக்கிடுங்க.”

அன்று சாயங்காலம் அக்கா உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதலில் வெள்ளை மாத்திரை. பிறகு முத்து. “அது ரத்தத்துக்கு. இது உனக்காக்கும்.”

அதன்பின் வெகுகாலம் இருந்தாள். இப்போது அதே வெள்ளை மாத்திரை எனக்கும். போன வாரம் கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டாள்: “அப்பா, பூண்டு கேப்ஸ்யூல் அனுப்பட்டா? ஹார்ட்டுக்கு நல்லதாம்.” டாக்டர் சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஜன்னலில் முத்துகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

“அனுப்பு மக்கா,” என்றேன். “மாத்திரையை விடமாட்டேன்.”