அரிஸ்டார்கஸும் ஹம் நிலையத் தூணும்

2024 நவம்பர் 12, செவ்வாய், காலை 9.04. ஜேர்மனியின் ஹம் ரயில் நிலையம். நான்கு பாகைக் குளிர், தூறல்.

பதினொரு மணிக்குக் கொலோனில் தம்பி மகளின் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ரயில் இங்கே பத்தொன்பது நிமிடமாக நிற்கிறது. நான் அரிஸ்டார்கஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சூரியன் நிற்கிறது, ஓடுவது பூமிதான் என்று அன்றே சொன்ன கிரேக்க வானியலாளர். ஊர் நம்பவில்லை. ஊர் எப்போது கணக்கை நம்பியிருக்கிறது?

ஒலிபெருக்கி ஜேர்மன் மொழியில் ஏதோ இருமுகிறது. பெட்டியிலிருந்த பதினாறு பேரும் எழுந்து இறங்கி ஓடுகிறார்கள். இந்த நாட்டில் ஒலிபெருக்கி தும்மினாலும் வரிசை கட்டுவார்கள். நான் அசையவில்லை.

லீக்ஸ் மரக்கறிப் பையோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் ஏறி எதிரே அமர்கிறார். யன்னலுக்கு வெளியே பக்கத்து ரயில் நகர்கிறது.

“ஒருமாதிரி வெளிக்கிட்டாச்சு,” என்கிறேன். “அங்க பாரும் தங்கச்சி, அந்த ரயில் ஓடுற மாதிரித் தெரியுது. உண்மையில ஓடுறது நாங்கள். இதைத்தான் அரிஸ்டார்கஸ் சொன்னவர்.”

அவர் மறுபக்க யன்னலைக் காட்டுகிறார். “அப்ப இந்தத் தூணும் எங்களோட வருதோ அண்ணை?”

தூண் அங்கேயே நிற்கிறது.

“நீங்கள் எங்க போறியள்?”

“கொலோனுக்கு.”

“ஐயோ! இது திரும்பி மியூன்ஸ்டருக்கெல்லோ போகுது. கொலோன் ஆக்களை அந்த ரயிலுக்கு மாறச் சொல்லி ரெண்டு தரம் சொன்னவங்கள். அந்தா, போகுது!”

“அடுத்தது?”

“ஒரு மணித்தியாலம் செல்லும். அரிஸ்டார்கஸ் ஐயாவையும் ஏத்திக்கொண்டு டாக்சியில போங்கோ.”

கொலோன் வரை டாக்சி: முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சதம்.