சப்பாத்திக் கட்டை கோர்ட்

அமீரகத்து அல் ஐன் நகரில் அந்த வக்கீலம்மாவை முதன்முதலாகப் பார்க்கப் போன அன்று, பதற்றத்தில் அவருடைய டீயை எடுத்து நான் குடித்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான், என்னுடைய டீ மேசையின் இந்தப் பக்கம் ஆவி பறந்துகொண்டிருப்பதைக் கண்டேன். அவர் அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "பிள்ளை எப்பிடி இருக்கிறா?" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே கோர்ட்டில் அரபியில் வாதாட ஓர் உள்ளூர் வக்கீல் உண்டு. வழக்கைத் தயார் செய்து அவர் கையில் கொடுப்பது இந்த அம்மா. பிரிந்துபோன என் மனைவி, எட்டு வயது மகளைத் திருச்சிக்கே கூட்டிப்போய்விட நினைத்தாள். மகள் இங்கே என்னோடு இருக்க வேண்டும் என்றேன் நான். அதுதான் வழக்கு.

எனக்கு வேண்டியிருந்தது மேசையை அடித்துக் கத்துகிற வக்கீல். இவரோ, மனைவி கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை நான் ஆசையாக நீட்டியபோது பார்க்கக்கூட மறுத்துவிட்டார். "அவா பிள்ளையின்ர அம்மா. அவாவைக் கூடாதவ எண்டு காட்டி என்ன செய்யப்போறியள்?" பிறகு, "பள்ளிக்கூட பஸ் வரேக்க நீங்கள் டியூட்டியில. கதவு திறக்கிறது ஆர்?" என்றார்.

"நல்ல கதவு மேடம், தானாத் திறக்கும்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. யாரோடு இருக்க விருப்பம் என்று மகளிடமே கேட்கச் சொல்லலாம். அப்பா என்றுதான் சொல்வாள். என் கோமாளித்தனத்துக்கு உலகத்தில் ஒரே ரசிகை அவள். இருந்தாலும் வாரக்கடைசியில் அவள் என்னிடம் வரும்போதெல்லாம் ஒத்திகை நடத்தினேன். இஸ்திரி மேசைக்குப் பின்னால் நான் நீதிபதி, கையில் சப்பாத்திக் கட்டை.

"ஆர்டர், ஆர்டர்! சாட்சி வாயில இருக்கற சிப்ஸை முழுங்கவும். யாரோட இருக்க ஆசை?"

"அப்பா!" என்று கத்துவாள். கட்டையால் ஓங்கி ஒரு தட்டு. "கலாஸ், முடிஞ்சுது! அடுத்த கேஸ்!"

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கத்தவில்லை. சிப்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்: "நான்தான் சொன்னேன்னு அம்மாகிட்ட ஜட்ஜ் சொல்லிடுவாரா?"

இதையும் வேடிக்கையாகத்தான் வக்கீலிடம் சொன்னேன், கட்டை தட்டுகிற சத்தத்தோடு. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அண்ணை, கேக்க வைக்கலாம். உங்களைத்தான் சொல்லுவா. நீங்கள் வெல்லவும் கூடும். ஆனா பிறகு தாயைக் காணேக்க எல்லாம், அம்மாவை வேண்டாமெண்டு சொன்னது நான்தானே எண்டு அந்தப் பிள்ளை நினைக்கும். அந்தக் கேள்வியை நான் கேக்க விடமாட்டன்."

"அப்ப நான் தோத்துடுவேனே மேடம்?"

"ஓம். தோக்கலாம்."

"நீங்க யாரோட வக்கீல்?" குரல் எனக்கே அசிங்கமாக உயர்ந்தது.

"உங்கட வக்கீல்தான். வேற ஆருக்கும் எண்டா கேஸை வெண்டு குடுத்திட்டுப் போயிருப்பன்."

மகளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கதவு திறக்க என் வீட்டில் ஆளில்லை; அந்த ஒன்றே என்னைச் சமரசத்துக்கு உட்காரவைத்துவிட்டது. விடுமுறைக்கு என்னிடம், மற்ற நாளெல்லாம் திருச்சியில் என்று பேசி முடித்தோம். கையெழுத்துப் போடும்போது என் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். வக்கீலம்மா வேறு தாள் நீட்டினார். அன்று என் டீயை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், மகள் தானாகவே இஸ்திரி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள், கைகளைக் கட்டிக்கொண்டு.

"கோர்ட் இல்லையாப்பா?"

"கோர்ட்டுக்கு லீவு."

"நான் ஒண்ணும் சொல்ல வேணாமா?"

"வேணாம்டா. ஒண்ணுமே சொல்ல வேணாம்."

அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. கட்டிய கையை அவிழ்த்துவிட்டு, "அப்ப சப்பாத்தி போடு" என்றாள்.

எதுவும் வட்டமாக வரவில்லை. "இது எந்த நாட்டு மேப்?" என்று ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். நான் நிமிராமல் அடுத்ததை உருட்டினேன். அதற்குள் அவள் சிரித்து முடித்துவிடக் கூடாதே என்றிருந்தது.