அக்கா வளைத்த கோடு

ஸ்டீரிங் வாங்க வந்தவரிடம் அக்கா முதலில் பார்ப்பது காலைத்தான். “செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க. வீட்ல எப்படி சாய்ஞ்சு உக்காருவீங்களோ அப்படியே” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். வந்தவரின் கண்ணோ சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும், எந்த வண்டியையும் சேராத சக்கரங்கள் மேல் இருக்கும். அக்கா தரையில் மண்டியிட்டு, பிரேக், ஆக்சிலரேட்டர் மிதிகளை அவர் குதிகாலுக்கு நேராக நகர்த்தி, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகுதான் கேள்விகள். மேஜை மரமா, கண்ணாடியா? ஆடுமா? தரை வழுக்குமா? நாற்காலி உருளுமா? உருளும் என்று யாராவது சொன்னால், “அப்ப பிரேக்க மிதிச்சா நீங்கதான் பின்னாடி போவீங்க. லாரி அது பாட்டுக்கு நேரா போயிரும்” என்பார். அவர் சிரிக்க மாட்டார். வந்தவர்தான் சிரிப்பார்.

கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டுக்கு வேண்டிய சாமான்களை விற்பதும் பொருத்திக் கொடுப்பதும் அவர் தொழில். அதே அறையின் மறுபாதியில் ஜெராக்ஸ் எடுப்பவன் நான். நடுவே ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு ஒன்று உண்டு. பேச்சை அது தடுப்பதில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஸ்டீரிங் அக்கா’. நாற்பது வயது. ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிவிட்டு அறை முழுக்கத் தேடுவார்.

“தம்பி, அத எங்கயாவது பாத்தியா?”

“தலையில இருக்குக்கா.”

“அங்க இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

இருப்பதில் பெரியதைத் தலையில் கட்டும் பழக்கம் அவரிடம் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், மேல் வரிசையிலுள்ள பெரிய சக்கரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்.

“எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க?”

“ஞாயித்துக்கிழமை, ஒரு மணி நேரம்.”

“எங்க வச்சு?”

“சாப்பாட்டு மேஜையில.”

“வாரா வாரம் மாட்டணும், கழட்டணும். மூணாவது வாரம் கட்டிலுக்கு அடியில போயிரும் சார். கையில பிடிக்கிற கன்ட்ரோலரே போதும். திரும்புற வேகத்த நான் கொறச்சுத் தரேன்.”

லாரியை வெடுக்கென்று திருப்ப முடியாது. பின்னால் அவ்வளவு பாரம் வருகிறது. அந்தப் பாரத்தைக் கன்ட்ரோலரைத் திருப்பும் கட்டைவிரலுக்குப் புரியவைப்பதுதான் அக்காவின் வித்தை. வங்கிக்காரர் சின்னதை வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி போனார். யாரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறவர் அக்கா. சொந்த அண்ணனிடம்தான் அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணன் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. வலது கால் மட்டும் சொன்னதைத் தாமதமாகக் கேட்டது. கால் தேறியதும் ஒரு சோதனை ஓட்டம் வைத்துப் பார்த்து, பழைய வேலையைத் தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். “அதுவரைக்கும் இங்க வந்து பழகுண்ணா” என்று அக்காதான் கூப்பிட்டார். கடையிலேயே கனமான மிதிகளைப் பலகையோடு திருகி, பலகையைச் சுவரோடு முட்டுக்கொடுத்து, சக்கரத்தை இரண்டரைச் சுற்று சுழலும்படி வைத்து, லாரியில் உட்காருவதுபோலவே நாற்காலியை ஏற்றிக்கொடுத்தார்.

பகல் மூன்று மணிக்கு அண்ணன் வருவார். உட்கார்ந்ததும் பக்கத்துக் கண்ணாடியைச் சரிசெய்ய வெறுங்காற்றில் கையை நீட்டுவார். பிறகு என் பக்கம் திரும்பி, “என்னப்பா ஜெராக்ஸு, சரக்கு ஏதும் ஏத்தணுமா? அந்தப் பக்கமாத்தான் போறேன்” என்பார்.

முதல் வாரம் திரையில் அவர் லாரி சுங்கச்சாவடிகளை ஒன்று விடாமல் இடித்தது. வேகம் அவருக்குத் தெரியும், தூரம் தெரியும். கால்தான் பாதி அழுத்தத்தில் நின்றுவிடும். ஐந்தாம் நாள் இடித்துவிட்டு, கேலி எதுவும் பேசாமல் எழுந்து போனார். ஆறாம் நாள் எல்லாச் சாவடியிலும் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றார்.

“பாத்தியா பாப்பா? கால் வந்துருச்சு.” நாற்பது வயதுத் தங்கை அவருக்கு இன்னமும் பாப்பாதான்.

“வந்துருச்சுண்ணா” என்றார் அக்கா, ஏதோ ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

மூன்று மாதம் கழித்து அண்ணன் யாரிடமும் சொல்லாமல் சோதனைக்குப் போய்விட்டார். கம்பெனி வளாகத்துக்குள்ளேயே, காலி வண்டி. மெதுவாகத்தான் வந்தாராம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், வண்டி சரக்கு இறக்கும் மேடையின் சுவரில் போய் முட்டியது. யாருக்கும் அடியில்லை. மறுநாள் எங்களிடம் வந்து உட்கார்ந்தார். “இங்க நிக்குது, அங்க நிக்கல. கால்ல ஒண்ணுமில்ல பாப்பா. நான் பயந்துட்டேன். இத்தன வருஷம் ஓட்டினவன், சின்னப்பிள்ள மாதிரி பயந்து ஒறைஞ்சுட்டேன்.”

அதன் பிறகு கேலி எல்லாம் தன்மேலேயே. அண்ணி ஒருநாள் வந்து அக்காவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: “தெருவைத் தாண்டக்கூட நின்னுக்கிட்டே இருக்காரு. வாங்கன்னா, ‘பயந்தவனுக்கு என்ன அவசரம்’ங்கிறாரு. முன்ன இப்படியா பேசுவாரு?”

இரண்டாவது சோதனைக்கான விண்ணப்பத்தைப் பிரதி எடுக்க அக்காவே கொண்டுவந்தார். திங்கட்கிழமை என்று தேதி போட்டிருந்தது. இம்முறை வெளிச் சாலையில், சரக்கோடு. இயந்திரத்தின் வெளிச்சம் தாளுக்கடியில் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கோட்ட நான் வளைச்சுட்டேன் தம்பி.”

எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிரேக் பிடிக்கும் என்று காட்ட, விளையாட்டின் செட்டிங் பக்கத்தில் ஒரு கோடு உண்டு. அது நேராக இருந்தால் பாதி மிதிக்குப் பாதி பிரேக். மேலே வளைத்துவிட்டால், லேசாகத் தொட்டாலே முழு பிரேக்கும் பிடித்துவிடும். அந்த ஐந்தாம் நாள், அண்ணன் போன பிறகு, அக்கா அதை வளைத்திருக்கிறார்.

“கால் தேறத் தேற, வாரத்துக்குக் கொஞ்சமா நேராக்கிரலாம்னுதான் நெனச்சேன். ஒரு தடவ நேராக்கினேன். அன்னிக்கே இடிச்சாரு, ரெண்டு நாள் வரல. மூணாம் நாள் திரும்ப வளைச்சுட்டேன். வேற யாருக்காவது செஞ்சிருந்தா, மிதி மேலயே எழுதி ஒட்டி அனுப்பியிருப்பேன்.”

அக்கா பிரதிகளை எடுத்துக்கொண்டு போனார். அசல் இயந்திரத்திலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அண்ணன் வந்து உட்கார்ந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் நின்று, செட்டிங் பக்கத்தைத் திறந்து, வளைந்த கோட்டைப் பிடித்து இழுத்து நேராக்கினார்.

“என்ன பாப்பா பண்ற?”

“ஒண்ணுமில்லண்ணா. நீ ஓட்டு.”

முதல் சாவடியில் இடித்தது. அண்ணன் காலைக் குனிந்து பார்த்தார். “இன்னொரு தடவ” என்றார் அக்கா. இரண்டாவதிலும் இடித்தது. அக்கா சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்வரை அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கம்பெனிக்குப் போனேனே, அப்பவும் வளைஞ்சுதான் இருந்துச்சா?”

“அப்பவும்தான். கால் வரவே இல்லண்ணா. நான்தான் வந்த மாதிரி காட்டிட்டேன்.”

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார்.

“அப்ப நான் பயப்படல” என்றார்.

“இல்லண்ணா.”

“மிதிச்சுத்தான் இருக்கேன்.”

“மிதிச்சிருக்கண்ணா.”

தலையை ஆட்டிக்கொண்டார். “அந்தச் செவுத்துல முட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல பாப்பா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

“சரி, திங்கக்கிழமைக்கு வரலன்னு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்” என்றார் அண்ணன். நசுங்கிப்போய் நிற்கும் லாரியைப் பார்த்தார். “அதப் பழையபடி வளைச்சு விடு. இங்கயாவது நிக்கட்டும்.”

அக்கா மவுஸைப் பிடித்தார். கோட்டின் நடுவில் அம்பைக் கொண்டுபோய் வைத்தார். வெகுநேரம் அது அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, மவுஸை மேஜை மேல் மெல்லத் தள்ளி, அண்ணனின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்.